வரைந்த மரபுத்தொடர்: காதல் நகைச்சுவைப் படங்களின் ஓவிய முகப்பும் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

திரையரங்கில் படம் தொடங்கிவிட்டதை 'எழுத்துப் போட்டுவிட்டார்கள்' என்று சொல்வது தமிழ் வழக்கு. திரைத்தொழிலார் அதனையே 'டைட்டில்' என்பர். படத்தின் பெயரும் பணியாற்றியோர் பெயர்களும் திரையில் தோன்றும் அத்தொடக்கப் பகுதி இக்கட்டுரையில் 'முகப்பு' எனக் குறிக்கப்படுகிறது. மக்கள் வழக்கு இதனை எழுத்து என்றே அழைப்பினும், காதல் நகைச்சுவைப் படங்களில் இப்பகுதி பெரும்பாலும் எழுத்தும் ஓவியமும் கலந்ததாகவே அமைகிறது. கோட்டோவியங்கள் அசைகின்றன; எழுத்துகள் குதிக்கின்றன; நகைச்சுவையின் முதற்சிரிப்பு உரையாடல் தொடங்கும் முன்பே எழுந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளரிடம் படம் வந்து சேரும்போது உரையாடல்களே பனுவலாகக் கொள்ளப்படுகின்றன. முகப்புப் பகுதி 'படம்தானே, எல்லார்க்கும் புரியும்' என்ற எண்ணத்தில் விடப்படுகிறது. அல்லது அதன்மேல் அசையாத பெயர்ப்பலகை ஒன்று ஒட்டப்படுகிறது. ஓவியம் மொழி கடந்தது, எழுத்தே மொழிக்குட்பட்டது என்ற கருத்து இந்நடைமுறைக்கு அடிப்படை. இக்கருத்து சரியானதன்று என்பதை மூன்று அமெரிக்கப் படங்களின் முகப்புகளையும் இரண்டு இந்திப் படங்களையும் கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொறிந்துகொள்ளும் எழுத்து

பில்லி வைல்டர் இயக்கிய 'தி செவன் இயர் இட்ச்' 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜார்ஜ் ஆக்செல்ராட் எழுதி 1952இல் மேடையேறிய நாடகத்தின் திரைவடிவம் இது. கோடைக்கு மனைவியையும் மகனையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டு நியூயார்க் நகரில் தனித்திருக்கும் நடுவயதுக் கணவன், மாடி வீட்டுக்குக் குடிவந்த இளம்பெண்ணைக் கண்டு தடுமாறுவதே கதை. கணவனாக டாம் ஈவெல்லும் பெண்ணாக மர்லின் மன்றோவும் நடித்தனர். முகப்பை வடிவமைத்தவர் சால் பாஸ். 1954இல் 'கார்மென் ஜோன்ஸ்', 1955இல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' ஆகிய படங்களின் முகப்புகள் வாயிலாக இத்துறையின் போக்கையே மாற்றியவர் அவர்.

இம்முகப்பில் திரை முழுவதும் பல வண்ணச் சதுரங்களாகவும் நீள்சதுரங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. சிறு கதவுகள் போல அவை ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. உள்ளே பெயர்கள் தெரிகின்றன. படத்தின் பெயர் தோன்றும்போது 'இட்ச்' என்ற சொல்லின் 'டீ' என்னும் உரோமன் எழுத்து தன்னையே சொறிந்துகொள்கிறது. சொல்லின் பொருளைச் சொல்லின் எழுத்தே நடித்துக் காட்டிவிடுகிறது. நடிகரின் உருவமோ, காதலர் இணையோ, மலரோ, இதயமோ இங்குத் தேவைப்படவில்லை.

இக்கதவுகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மேடை நாடகத்தில் கணவன் உண்மையிலேயே வழுவுகிறான். அக்காலத் திரைப்பட ஒழுக்க விதிகள் அதனைத் திரையில் காட்ட இடந்தரவில்லை. ஆகவே படத்தில் எல்லாம் அவன் கற்பனையாகவே நின்றுவிடுகிறது. முகப்பில் ஒவ்வொரு கதவும் ஏதோ மறைபொருளைக் காட்டப்போவது போலத் திறந்து, வெறும் பெயரைக் காட்டி நிற்கிறது. படமும் இவ்வாறே ஆசை காட்டி நின்றுவிடுவது. முகப்பின் இலக்கணமும் படத்தின் இலக்கணமும் ஒன்றாக அமைந்திருப்பது இவ்வடிவமைப்பின் வெற்றி எனலாம்.

இனி இப்பெயரைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைக் காணலாம். 'ஏழாண்டு அரிப்பு' என்பது நேர்மொழிபெயர்ப்பு. அமெரிக்க ஆங்கிலத்தில் இத்தொடர் முதலில் எளிதில் ஆறாத சொறிநோயைக் குறித்தது. இந்நாடகமும் படமும் பரவிய பின்னரே மணவாழ்வில் ஏழாம் ஆண்டையொட்டித் தோன்றும் சலிப்பைக் குறிக்கும் வழக்கு நிலைபெற்றது. தமிழில் 'அரிப்பு' என்ற சொல்லுக்கும் காமம் சார்ந்த பொருள் உண்டு. ஆயினும் அது வசைச்சொல்லின் தரத்தது. வைல்டரின் குறும்பு வசையன்று. 'தினவு' என்ற சொல் இவ்விடத்துக்குப் பொருந்தும். தோள் தினவெடுத்தல் என்பதில் உடலின் நமைச்சலும் உள்ளத்தின் துடிப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. இழிவுப்பொருளும் இல்லை.

தமிழ் வழக்கோடு இன்னும் நெருக்கமாகத் தோன்றும் சொல் ஒன்றும் இருக்கிறது. அது 'ஏழரை'. ஏழரை நாட்டுச் சனி என்பதிலிருந்து பிறந்து, வேண்டாத தொல்லையைக் குறிக்கும் பேச்சு வழக்காக இது நிலைத்துவிட்டது. எண் ஒப்புமையும் நகைச்சுவையும் ஒருசேரக் கிடைப்பதால் மொழிபெயர்ப்பாளர் இதனை விரும்பக்கூடும். ஆனால் 'ஏழரை' என்றவுடன் ஓவியம் மாறிவிடும். சொறியும் எழுத்து போய், காகம் வந்து அமரும். அத்துடன் பொறுப்பும் இடம் மாறிவிடும். தினவு கணவனின் உடலில் பிறப்பது. சனி வானத்திலிருந்து பிடிப்பது. கணவன் தன் மனத்தோடு போராடும் கதை, கோள் செய்த குற்றமாகிவிடும். ஆகவே ஒரு பெயரின் மொழிபெயர்ப்பு ஏற்றதா என்பதைச் சொல்லால் மட்டும் தீர்மானிக்க இயலாது. அப்பெயர் எந்த ஓவியத்தை அழைத்து வருகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

2. பச்சைக் கண் பூதம்

சால் பாஸ் பதினோராண்டுகளுக்குப் பின் வடிவமைத்த மற்றொரு முகப்பு 'நாட் வித் மை வைஃப், யூ டோன்ட்!' (1966) என்ற படத்துக்குரியது. நார்மன் பனாமா இயக்கிய இப்படத்தில் ஒரு பெண்ணை இரு விமானப்படை நண்பர்கள் விரும்புகின்றனர். அவளை மணந்துகொண்டவன் தன் பழைய நண்பன்மீது பொறாமை கொள்கிறான். இதன் முகப்பில் பொறாமையின் உருவமாகப் பச்சைக் கண் பூதம் ஒன்று இயங்கு ஓவியமாக வருகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இம்முகப்பே மொழிபெயர்ப்புக்கு எளியது. எழுத்து விளையாட்டு இன்றியமையாததன்று. பூதம் எந்நாட்டாருக்கும் பூதமே. எனினும், உண்மை இதற்கு மாறானது. பொறாமையைப் பச்சைக் கண் கொண்ட பூதமாக உருவகிப்பது ஆங்கில மரபு. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் இயாகோ பொறாமையை எச்சரிக்கும் இடத்திலிருந்து அது பொது வழக்காயிற்று. ஆங்கிலம் அறிந்தோர் இவ்வோவியத்தைப் 'படிக்கின்றனர்', மற்றையோர் 'பார்க்கின்றனர்'. ஓவியர் வரைந்தது பூதத்தையன்று, ஒரு மரபுத்தொடரை.

தமிழில் பொறாமைக்கு உரிய சொற்கள் வேறு வகையின. 'பொறாமை' என்பதே பொறுத்தல் என்பதன் எதிர்மறை. 'அழுக்காறு' என்பதை வள்ளுவர் ஓர் அதிகாரத்தில் விலக்கியுள்ளார். பேச்சு வழக்கில் அது 'வயிற்றெரிச்சல்'. ஆகத் தமிழரின் பொறாமை வயிற்றில் எரியும் தீ; அது விலங்கோ பூதமோ அன்று. கண்ணோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் கண்ணேறு என்பது பிறர்மேல் படுவது, நிறம் உடையதன்று. மேலும், உருட்டி விழிக்கும் பூத முகத்தைத் தமிழர் கட்டடங்களின் முன்பு தொங்கவிடுவது பிறர் பொறாமையைத் தடுப்பதற்காகவே. திருஷ்டி பொம்மையைக் கண்டு பழகிய ஒருவர்க்கு இம்முகப்பின் பூதம் பொறாமையாகத் தோன்றுவதைவிடப் பொறாமைக்குக் காவலாகவே தோன்றக்கூடும். பொருள் குறைந்துபோவதோடு நில்லாமல் தலைகீழாகவும் ஆகிவிடுகிறது.

நிறத்திலும் இதே சிக்கல் உள்ளது. தமிழில் 'பச்சை' என்பது இளமை, வளம், முதிராமை ஆகியவற்றைக் குறிக்கும். 'பச்சைப் பொய்' என்பதில் அப்பட்டத்தை உணர்த்தும். 'பச்சையாகப் பேசுதல்' என்பதில் ஆபாசத்தைச் சுட்டும். கணவன் மனைவியரைப் பற்றிய நகைச்சுவைப் படத்தின் தொடக்கத்தில் இவற்றுள் கடைசிப் பொருள் முந்திக்கொள்வதற்கு வாய்ப்பு மிகுதி.

இவ்விரு முகப்புகளையும் ஒப்பிடும்போது எதிர்பாராத ஓர் உண்மை புலனாகிறது. எழுத்தோடு பிணைந்த 1955ஆம் ஆண்டு முகப்பே பெயர்க்கத் தக்கதாக இருக்கிறது; எழுத்தை விட்டு விலகி நிற்கும் 1966ஆம் ஆண்டு ஓவியமே பெயர்க்க அரிதாகிறது. முன்னதில் சொல்லும் அதன் செயலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. சொல்லைப் பெயர்த்தால் அச்சொல்லின் எழுத்தொன்றுக்கு அதே செயலைக் கற்பிக்கலாம். பின்னதில் படத்தின் பெயரில் பொறாமை என்ற சொல்லே இல்லை. ஓவியத்துக்கு அடியில் இருக்கும் சொல் மறைந்திருப்பதால், பெயர்ப்பதற்கு எதுவும் இல்லை என்ற மயக்கம் ஏற்படுகிறது.

3. பெயரே உருவானபோது

பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி பிங்க் பேந்தர்' (1963) படத்தின் முகப்பு இம்முடிவை உறுதிசெய்கிறது. அப்படத்தில் அப்பெயர் ஒரு வைரத்துக்குரியது. பாயும் சிறுத்தையின் உருவம் போன்ற கறை ஒன்று அதனுள் தெரிவதால் அது அப்பெயர் பெற்றது. முகப்பை உருவாக்கிய டேவிட் டிபாட்டி, பிரிஸ் ஃபிரீலெங் ஆகியோரின் நிறுவனம் வைரத்தை விட்டுவிட்டுப் பெயரின் நேர்ப்பொருளையே ஓவியமாக்கியது. நாகரிகமான இளஞ்சிவப்புச் சிறுத்தை ஒன்று திரையில் வந்து பெயர்களுக்கு இடையே புகுந்து குறும்பு செய்தது. அம்முகப்பின் வெற்றியால் அச்சிறுத்தைக்கெனத் தனிக் குறும்படங்கள் தோன்றின. அவற்றுள் முதலாவதான 'தி பிங்க் ஃபிங்க்' (1964) ஆஸ்கர் பரிசும் பெற்றது.

நேர்மொழிபெயர்ப்பைக் குறையாகக் கருதுவது மொழிபெயர்ப்பாளர் இயல்பு. இங்கோ நேர்மொழிபெயர்ப்பே படைப்பாயிற்று. சொல்லும் ஓவியமும் அருகருகே நிற்பதால் 'இளஞ்சிவப்புச் சிறுத்தை' என்று எம்மொழியில் எழுதினும் ஓவியம் அதற்குப் பொருந்திவிடுகிறது.

4. தமிழ் எழுத்தின் உறுப்புகள்

எழுத்தையும் ஓவியத்தையும் இணைத்துக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் என ஒரே வினை இரண்டுக்கும் வழங்கியது. எழுத்தின் பகுதிகளுக்கு இட்ட பெயர்களும் உடலையும் விலங்கையும் நினைவூட்டுவன: கால், கொம்பு, சுழி, மேல்விலங்கு, கீழ்விலங்கு. ஆகவே நடக்கும், குதிக்கும், சொறியும் எழுத்தைத் தமிழில் வடிவமைப்பது மரபுக்கு மாறானதன்று.

ஆயினும் உரோமன் எழுத்துக்கு உள்ள உரிமை தமிழெழுத்துக்கு இல்லை. உரோமன் 'டீ' எழுத்தின் குறுக்குக் கோட்டை வளைத்தாலும் அது 'டீ'யாகவே படிக்கப்படும். 'ஐ' எழுத்தின் தலைப்புள்ளி பறந்துபோனாலும் சொல் கெடாது. அதனை இதயமாக வரைவது காதல் படங்களில் தேய்ந்த உத்தி. தமிழில் புள்ளி அணியன்று. மெய்யின் இயல்பே புள்ளி பெறுதல் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. 'காதல்' என்ற சொல்லின் ஈற்றுப் புள்ளியை இதயமாக மாற்றலாம். அந்த இதயம் பறந்துபோனால் 'ல்' என்பது 'ல' ஆகிவிடும். ஓலையில் புள்ளியிடாமல் எழுதிய காலத்தில் படிப்போர் இடம் நோக்கி அதனை உணர்ந்துகொண்டனர் என்பது உண்மையே. நொடிப்பொழுதில் மறையும் திரையெழுத்துக்கு அவ்வசதி இல்லை.

உயிர்க்குறிகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு. 'ஏழாண்டுத் தினவு' என்று பெயரிட்டு, 'தி'யின் வலப்பக்கத்தில் எழுந்து மேலே வளையும் மேல்விலங்கைக் கையாக்கி, அவ்வெழுத்தே தன் முதுகைச் சொறிவதாக அமைக்கலாம். சால் பாஸின் குறும்புக்கு இது தக்க ஈடு. ஆனால் அக்கை சொறியும்போது நுனியில் சுழித்துவிடக் கூடாது. சுழித்தால் 'தி' என்பது 'தீ' ஆகிவிடும். ஒலியன் எல்லையைத் தாண்டாமல் அசைவது எப்படி என்பதே தமிழ் முகப்பு வடிவமைப்பாளர் முதலில் விடை காண வேண்டிய வினா.

இக்கட்டுப்பாடு ஒரு வாய்ப்பாகவும் அமையலாம். 'பாடம்' என்ற சொல்லின் துணைக்கால் எழுந்து நடந்துபோனால் எஞ்சுவது 'படம்'. எழுத்தின் உறுப்பொன்று ஊடிச் சென்று மீள்வதும், அது இல்லாத இடைவேளையில் சொல் வேறொன்றாகி நிற்பதும் காதல் நகைச்சுவைக்கு மிகப் பொருந்தும் நிகழ்ச்சி. காதல் கதைகளும் பிரிவும் மீட்சியும் கொண்டவைதாமே. உரோமன் வரிவடிவம் இவ்வளவு எளிதாக இந்நாடகத்துக்கு இடந்தருவதில்லை. அதன் உயிரெழுத்துகள் தனித்து நிற்பவை, மெய்யோடு ஒட்டி வாழ்பவை அல்ல.

5. இந்திப் படங்கள் காட்டும் வழி

இந்திப் படங்களின் பெயர் உரோமன், தேவநாகரி, உருது ஆகிய மூன்று வரிவடிவங்களில் போடப்படுவது நெடுநாளைய வழக்கம். ஓவிய முகப்புக்கு இது பெருஞ்சோதனை. இடமிருந்து வலமாக ஓடும் ஓவியம் உருதுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். தேவநாகரியின் தலைக்கோடு கொடிக்கயிறாகவோ கழைக்கூத்தாடியின் கயிறாகவோ பயன்படலாம். மற்ற இரண்டிலும் அக்கோடு இல்லை. ஒரு வரிவடிவத்துக்கென அமைந்த விளையாட்டை மற்றொன்றில் அப்படியே போட இயலாது என்பதை இவ்வழக்கம் நாள்தோறும் உணர்த்தியிருக்க வேண்டும்.

பி. ஆர். சோப்ரா இயக்கிய 'பதி பத்னி அவுர் வோ' (1978) இவ்வகையில் கருதத்தக்கது. கணவன், மனைவி, மூன்றாமவர் என்ற இப்பெயரில் 'வோ' என்னும் சுட்டுப்பெயர் ஆண்பால் பெண்பால் காட்டாது. தமிழில் 'அவன்', 'அவள்' என்ற இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'அவர்' என்றால் மதிப்பு வந்து சேர்ந்து குறும்பைக் குலைக்கும். ஓவியருக்கும் இதே இக்கட்டு உண்டு. ஒரு நிழலுருவை வரைந்தாலும் அது ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். அப்படத்தின் கதை ஆதாம், ஏவாள், ஆப்பிள் என்ற உவமையின்மேல் அமைந்திருப்பது இதற்கு விடை தருகிறது. ஆப்பிளுக்குப் பாலில்லை, 'வோ' மறைத்ததை அதுவும் மறைக்கும். ஆனால் விவிலியம் அக்கனியை ஆப்பிள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அது மேலை ஓவிய மரபு தந்த உருவம். இதுவும் வரைந்த மரபுத்தொடரே.

காதல் நகைச்சுவை அன்றாயினும், சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாரி' (1977) இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைக் காட்டுகிறது. அயோத்தி அரசு ஒருநாள் தம் வாயில் விழப்போகும் செர்ரிப் பழம் என்று டல்ஹௌசி எழுதியதைத் தொடக்கப் பகுதியில் கதைசொல்லி முதலில் குறிப்பிடுகிறார். அதன்பின் டல்ஹௌசி செர்ரிப் பழங்களை விழுங்கும் கேலிச்சித்திரம் இயங்கு ஓவியமாக வருகிறது. செர்ரிப் பழம் இந்தியப் பார்வையாளர் பலருக்கு அயலானது. பழம் வாயில் விழும் உவமை ஆங்கிலேயருடையது. எனினும் ஓவியம் எவரையும் திகைக்க வைப்பதில்லை. சொல் முன்னும் படம் பின்னுமாக அமைந்ததே காரணம். கதைசொல்லியின் வாசகத்தைப் பெயர்த்தால் ஓவியம் தானே பெயர்ந்துவிடுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது: முகப்பில் வரும் ஓவியம் பெரும்பாலும் ஒரு மொழியின் மரபுத்தொடர் உருவம் பெற்றதே. அதனைப் பெயர்க்கும் முன் அதனடியில் மறைந்துள்ள சொல்லை எழுதிப் பார்த்தல் வேண்டும். அச்சொல் திரையிலேயே இருப்பின் பணி எளிது. இல்லையெனின் கதைசொல்லியின் ஒரு வாக்கியமோ, துணையுரையின் ஒரு வரியோ அதனைத் திரைக்குக் கொண்டுவரல் வேண்டும். எழுத்து விளையாட்டுக்கு இலக்குமொழியின் வரிவடிவம் தரும் ஈடு எது என்பதை ஓவியரோடு அமர்ந்து தேர்தல் வேண்டும். இம்மூன்றும் மொழிபெயர்ப்பாளர் பணியே.

இன்று ஒரு படம் ஒரே நாளில் பல மொழிகளில் வெளியாகிறது. முகப்பின் எழுத்துகளைக் கணினியில் மாற்றுவதும் கடினமன்று. கருவி கைக்கு வந்த பின்னும் மொழிபெயர்ப்பாளர் உரையாடற் சுவடியோடு நின்றுவிட்டால், படத்தின் முதல் நகைச்சுவை மூலமொழியார்க்கு மட்டுமே உரியதாகும். மற்றவர்கள் சிரிப்பதற்கு உரையாடல் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். எழுதுதல் என்ற ஒரே சொல்லால் எழுத்தையும் ஓவியத்தையும் குறித்த மொழியில் பணிபுரிவோர், ஓவியம் தம் பணிக்குப் புறம்பானது என்று கருதுவது பொருந்தாது.